கையில் காசு, வாயில் தோசை

அமெரிக்க பூல் மேசைக்கு ஆறு பாக்கெட். அந்த மேசையை நம்பிப் பிழைப்பவனுக்கு இருப்பது இரண்டே இரண்டு. அதிலும் ஒன்று நிரந்தர ஓட்டை.

கோல்ஃப்காரர் ஜெயித்தால் சொந்த விமானம் வாங்குவார். டென்னிஸ்காரர் ஜெயித்தால் கைக்கடிகாரக் கம்பெனி தேடி வரும். பூல்காரர் ஜெயித்தால் அடுத்த ஊர் போய்ச் சேர பெட்ரோல் காசு தேறும். உலகச் சாம்பியன் என்றாலும் இதே கதிதான். பட்டத்தை மோட்டல்காரரிடம் காட்டினால் வாடகையில் தள்ளுபடி கிடைக்குமா என்ன?

இந்தத் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பந்தயம் பேசி முடிந்ததும் இரண்டு தரப்புப் பணமும் வெளியே வந்தாக வேண்டும். மேசைக்கு மேலே தொங்கும் விளக்கின் தலையில் நோட்டுகளை வைப்பார்கள். இல்லாவிட்டால் இருவருக்கும் பொதுவான ஒரு மனிதரிடம் கொடுத்துவைப்பார்கள். அதற்கப்புறம்தான் பந்து உடையும். ‘நாளைக்குத் தருகிறேன்’ என்பவனோடு ஆட எந்தக் கிறுக்கனும் பந்தடிக்கும் கோலான கியூவைத் தொடமாட்டான். கையில் காசு, வாயில் தோசை.

இந்தச் சட்டத்தைத் தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்த உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் எல்லோரும், ஒரே ஆளிடம், ஒரே சமயத்தில் அதை மறந்துபோன வரலாறு இது.

வரலாறு என்றால் ஆதியிலிருந்து ஆரம்பிப்பதுதான் மரபு. 1859-இல் டெட்ராய்ட் நகரில் மைக்கேல் ஃபெலனும் ஜான் சீரைட்டரும் 15,000 டாலருக்கு மோதினார்கள். அந்தக் காலத்தில் அது ஏழு தலைமுறைக்கான பணம். ஃபெலன் ஜெயித்தார். அவர் ஆட்டக்காரர் மட்டுமல்ல, பில்லியர்ட்ஸ் பற்றிப் புத்தகம் எழுதியவர், மேசை செய்து விற்றவர். கியூவை மட்டும் நம்பினால் அடுப்பு எரியாது என்பது அமெரிக்காவின் முதல் பெரிய சாம்பியனுக்கே தெரிந்திருந்தது.

இரண்டாவது பாடம் 1961-இல் வந்தது. பால் நியூமன் நடித்த ‘தி ஹஸ்ட்லர்’ படத்தில் மின்னசோட்டா ஃபேட்ஸ் என்று ஒரு பாத்திரம். அதுவரை நியூயார்க் ஃபேட்ஸ் என்ற பெயரில் உலவிவந்த ருடால்ஃப் வாண்டரோன் என்ற குண்டு மனிதர், “அது நான்தான்” என்று கையைத் தூக்கிவிட்டார். நாவலை எழுதிய வால்டர் டெவிஸ் ‘இல்லவே இல்லை’ என்று தலையில் அடித்துக்கொண்டார். யார் கேட்டார்கள்? ஃபேட்ஸ் பெரிய போட்டி எதிலும் பட்டம் வென்றதில்லை. வாயைத் திறந்தால் மட்டும் மூடமாட்டார். 15 முறை உலகப் பட்டம் வென்ற வில்லி மோஸ்கோனிக்கு இந்த மனிதரைக் கண்டாலே ரத்தம் கொதிக்கும். 1978 காதலர் தினத்தன்று இருவரையும் நியூயார்க்கில் ஒரு பெரிய ஹோட்டலில் மோதவிட்டு ஏபிசி தொலைக்காட்சி படம் காட்டியது. எதிர்பார்த்தபடியே மோஸ்கோனி ஜெயித்தார். எதிர்பார்த்தபடியே ஜனங்களுக்கு ஃபேட்ஸைத்தான் பிடித்தது. இந்த ஆட்டத்தில் கைக்கு மரியாதை, வாய்க்குத்தான் வசூல்.

மூன்றாவது பாடம் 1996-இல். டாலஸில் ஆட்டக்காரர் சி.ஜே. வைலி புதிதாக ஒரு சுற்றுப்போட்டி அமைப்பைத் தொடங்கினார். கூட்டம் சேர்க்க ஓர் அறிவிப்பு: நைன்-பால் என்ற பூல் வகையில், எதிராளிக்கு வாய்ப்பே தராமல், அடுக்கிவைத்த பந்துகளை, அதாவது ரேக்கை, தொடர்ந்து பத்து முறை உடைத்துத் தீர்ப்பவருக்கு பத்து லட்சம் டாலர். நடக்கிற காரியமா? அந்தத் தைரியத்தில்தான் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் பொறுப்பேற்றது. முதல் போட்டியிலேயே எர்ல் ஸ்ட்ரிக்லண்ட் என்ற முன்கோபக்காரர் எழுந்து வந்து அதைச் செய்துவிட்டார். அப்புறம் நடந்ததை, வாழ்க்கையில் ஒரே ஒரு க்ளெய்ம் போட்டவருக்குக்கூட விளக்கத் தேவையில்லை. கம்பெனி தகராறு செய்தது, வக்கீல்கள் வந்தார்கள், நாள்கள் போயின, கடைசியில் சமரசம். பத்து ரேக்கை ஒரே மூச்சில் முடித்தவர் பணத்துக்காகப் பல மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

மூன்று பாடமும் நடத்தியாகிவிட்டது. மாணவர்கள் பாஸானார்களா? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

2005-இல் கெவின் ட்ரூடோ வந்தார். கனடாவின் முன்னாள் பிரதமர் ட்ரூடோ குடும்பத்துக்கும் இவருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. இவருக்குத் தொழில் நள்ளிரவுத் தொலைக்காட்சியில் விற்பனை. நம்மூரில் பதினொரு மணிக்கு மேல் ராசிக்கல்லும் வழுக்கைத் தைலமும் விற்பார்களே, அந்தக் குலத்தின் அமெரிக்க ஜமீன்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மோசடியும் கிரெடிட் கார்டு தில்லுமுல்லும் செய்து கிட்டத்தட்ட இரண்டு வருடம் சிறையில் இருந்தவர். வெளியே வந்து ‘மெகா மெமரி’ என்று ஞாபகசக்திப் பாடம் விற்றார். இந்த விவரத்தை வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் உதவும்.

அப்புறம் பவளச் சுண்ணாம்பு புற்றுநோயைத் தீர்க்கும் என்றார். 2004-இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் அவர் காதைப் பிடித்தது. 20 லட்சம் டாலர் கட்டு, இனி தொலைக்காட்சியில் எந்தப் பண்டத்தையும் விற்காதே என்றது. புத்தகத்துக்கு மட்டும் விலக்கு, ஏனென்றால் அது பேச்சுரிமை. எலி நுழைய அந்த ஒரு பொந்து போதாதா? ‘அவர்கள்’ நமக்குத் தெரியவிடாமல் மறைக்கும் இயற்கை வைத்தியங்கள் என்று ஒரு புத்தகம் போட்டார். லட்சக்கணக்கில் விற்றது. கையில் பணம் புரண்டது. மனிதருக்கு பூல் என்றால் உயிர். பிறந்தது இன்டர்நேஷனல் பூல் டூர், சுருக்கமாக ஐபிடி.

எதிராளி உள்ளே நுழையும் நடையைப் பார்த்தே அவன் பர்ஸின் கனத்தைச் சொல்லக்கூடியவர்கள் பூல்காரர்கள். ட்ரூடோவின் சிறைவாசம் ரகசியமும் அல்ல, பத்திரிகைகளில் வந்த செய்தி. ஆனால் அவர்கள் பார்த்தது ஆளை அல்ல, காசோலைப் புத்தகத்தை.

டூரின் முகமாக மைக் சிகல் வந்தார். நூற்றுக்கும் மேல் பட்டங்கள் குவித்தவர். ‘தி கலர் ஆஃப் மணி’ படத்துக்காக டாம் குரூஸுக்கு கியூ பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். ஆட்டத்தை விட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. 2005 ஆகஸ்ட்டில் லாஸ் வேகஸின் மாண்டலே பே ஹோட்டலில் அவருக்கும் மகளிர் சாம்பியன் லோரி ஜான் ஜோன்ஸுக்கும் எய்ட்-பால் ஆட்டம். ஜெயித்தால் 1,50,000 டாலர், தோற்றால் 75,000. சிகல் ஜெயித்தார். ஆனால் பூல் உலகமே வாய் பிளந்தது இரண்டாவது எண்ணைப் பார்த்துத்தான். தோற்பதற்கே 75,000 டாலரா? இத்தனை வருஷம் ஜெயித்து என்ன கண்டோம் என்று பல சாம்பியன்கள் அன்று ராத்திரி தூங்கியிருக்க மாட்டார்கள்.

டிசம்பரில் ஆர்லாண்டோவில் ‘கிங் ஆஃப் தி ஹில்’. இங்கேதான் நம் நாயகன் வருகிறார்: பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயஸ். மணிலாவில் மாமாவின் பூல் கடையில் வளர்ந்தவர். கோக்கோ கோலா பெட்டிமேல் ஏறி நின்று ஆடக் கற்றவர், ராத்திரி அந்த மேசைமேலேயே தூங்கியவர். 1985-இல் அமெரிக்காவுக்கு வந்தபோது சொந்தப் பெயரைச் சொன்னால் பந்தயத்துக்கு ஆள் சிக்காது என்று சீசர் மொராலஸ் ஆனார். சிலநாளில் சீசர் போன இடமெல்லாம் உண்டியல் காலி. ‘மந்திரவாதி’ என்று பட்டம் கொடுத்தார்கள். ஆர்லாண்டோ இறுதியாட்டத்தில் மந்திரவாதி சிகலை முதல் செட்டில் 8–0, அடுத்ததில் 8–5 என்று முடித்துவிட்டு 2,00,000 டாலரை எடுத்துக்கொண்டு போனார்.

இங்கே ஒரு தொழில் ரகசியம். பூல் கடையில் பெரிய மீனைப் பிடிக்க வந்தவன் முதல் இரண்டு ஆட்டத்தை வேண்டுமென்றே தோற்பான். எதிராளிக்கு நம்பிக்கை வந்து, ‘பந்தயத்தை ஏற்றிக்கொள்வோமா?’ என்று அவனே கேட்பான். 2005-இல் இரண்டு போட்டிக்கும் சொன்ன பரிசைக் கொடுத்த ட்ரூடோவும் அப்படி இரண்டு ஆட்டம் தோற்றார். திட்டம் போட்டா, தானாகவா என்பது அவருக்கே வெளிச்சம்.

2006-இல் பந்தயம் ஏறியது. ‘டூர் கார்டு’ என்று 150 பேருக்கு அட்டை. அட்டை கிடைக்காதவர்கள் தகுதிச் சுற்றுகளில் பணம் கட்டி ஆடித் திண்டாடினார்கள். உதகை கிளப்பில் விதி எழுதப்பட்டதாகச் சொல்லும் ஸ்னூக்கரிலிருந்துகூட ஆள் வந்தது. வேறு யாருமில்லை, ரானி ஓ’சுல்லிவன்! டூர் மேசைகளில் வேகமில்லாத, மொசுமொசுவென்ற பழைய பாணித் துணி. வழுக்கும் துணிக்குப் பழகிய மேதைகளின் பந்துகள், மாத சம்பளக்காரரின் இருபத்தைந்தாம் தேதி மாதிரி பாதி வழியில் நின்றன. ஜூலையில் லாஸ் வேகஸின் வெனீஷியன் ஹோட்டலில் மொத்தப் பரிசு 20 லட்சம் டாலர். ஜெர்மனியின் தோர்ஸ்டன் ஹோமன், பிலிப்பைன்ஸின் மார்லன் மனாலோவை வென்று 3,50,000 டாலருக்கு உரியவரானார்.

செப்டம்பரில் ரீனோ. உலக ஓப்பன் எய்ட்-பால். மொத்தம் 30 லட்சம், முதல் பரிசு 5,00,000 டாலர். பாக்கெட் பில்லியர்ட்ஸ் வரலாற்றிலேயே அவ்வளவு பெரிய முதல் பரிசு அதுவரை கிடையாது. இறுதியாட்டத்தில் 52 வயது ரேயஸும் ‘ராக்கெட்’ ராட்னி மாரிஸும். முட்டி மோதி 8–6 என்று மந்திரவாதி ஜெயித்தார். கோக்கோ கோலா பெட்டியில் தொடங்கிய பயணம் அரை மில்லியன் டாலரில் முடிந்தது. படம் எடுப்பவராக இருந்தால் இந்த இடத்தில் ‘சுபம்’ போட்டிருப்பார்.

போட்டி முடிந்தது. காசோலை வரவில்லை.

முதலில் ‘வந்துகொண்டிருக்கிறது’ என்றார்கள். அப்புறம் டூரையே வேறு நிறுவனத்துக்கு விற்கும் பேச்சு நடக்கிறது என்றார்கள். அக்டோபரில் இணையச் சூதாட்டத்துக்கு எதிரான சட்டத்தில் அதிபர் புஷ் கையெழுத்துப் போட்டதும் அதையும் காரணங்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். கடைசியில் உண்மை வந்தது: பரிசு கொடுக்கப் பணமில்லை, தவணையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறோம். உலகச் சாம்பியன் பரிசு, ஃப்ரிட்ஜ் வாங்கிய கடன் போல தவணைக்குப் போனது. அந்த வருடத்துக்கென்று அறிவித்த வரிசையில் நடந்தவை அந்த இரண்டே போட்டிகள்தான். ஞாபகசக்திப் பாடம் விற்றுப் பணக்காரரான மனிதருக்கு, யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதுதான் நினைவில் நிற்கவில்லை.

ட்ரூடோவை மட்டும் திட்டிவிட்டுப் போவது சுலபம். கணக்கையும் பார்ப்போம். கோல்ஃபில் பரிசுப் பணம் தொலைக்காட்சி உரிமையிலிருந்தும், விளம்பரதாரரிடமிருந்தும், டிக்கெட்டிலிருந்தும் வருகிறது. ஒரு குழாய் அடைத்தால் இன்னொன்றில் தண்ணீர் வரும். ஐபிடிக்கு இருந்த பெரிய குழாய் ஒன்றே ஒன்று: ட்ரூடோவின் சட்டைப்பை. பார்க்க வந்த கூட்டம் பரிசில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஆடுகிறவர்களுக்கு எத்தனை கோடி கொடுத்தாலும், பார்க்கிறவர்கள் பத்து ரூபாய் கொடுக்காத ஆட்டம் தொழிலாகாது. அது ஒரு பணக்காரரின் பொழுதுபோக்கு. அவருக்குப் போரடித்தாலோ பணம் தீர்ந்தாலோ விளக்கை அணைத்துவிடுவார்.

மற்றவர்கள் என்ன ஆனார்கள்? ரேயஸ் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்தார். 2009-இல் ஃபிரான்சிஸ்கோ புஸ்தமாந்தேயோடு சேர்ந்து உலகக் கோப்பையையும் வென்றார். ட்ரூடோ எடை குறைக்கும் ரகசியம் என்று இன்னொரு புத்தகம் போட்டு, அதில் இல்லாததையெல்லாம் தொலைக்காட்சியில் இருப்பதாகச் சொன்னார். 3 கோடியே 76 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. அவர் அதையும் கட்டாமல் இழுத்தடிக்க, பூல்காரர்கள் தங்களுக்கு நல்ல துணை கிடைத்ததாக ஆறுதல் பட்டிருக்கலாம். அந்த விளம்பரங்களுக்காக, நீதிமன்ற உத்தரவை அவமதித்த குற்றத்தில் 2014-இல் 10 வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது.

புது லீக்குகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன, பூலில் மட்டுமல்ல, கபடியில், கிரிக்கெட்டில், சதுரங்கத்தில். வீட்டில் பிள்ளை யாராவது அப்படி ஒன்றில் சேரப்போகிறேன் என்று குதித்தால், முதல் பரிசு எவ்வளவு என்று விசாரிக்காதீர்கள். அந்தப் பணம் இன்றைக்கு எந்த வங்கியில், யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் சொல்ல இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால், பிள்ளையைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள்.