மூன்று வார இற்செறிப்பு

வீட்டில் வளரும் பெட்டை நாய் சினைப்பருவத்துக்கு வரும் மூன்று வார காலம், அந்த நாயின் உடலில் நிகழும் மாற்றங்களைக் காட்டிலும் அவ்வீட்டு மனிதர்களின் நடத்தையில் நிகழும் மாற்றங்களால் ஆராய்ச்சிக்கு உரியதாகிறது. சினைப்பருவம் என்பது பெட்டை கருத்தரிக்கத் தகுதி பெற்று, ஆண் நாய்களை ஈர்த்து, இறுதியில் அவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ ஏற்றுக்கொள்ளும் காலம். சிறிய இனங்களில் ஆறாம் மாதத்தை ஒட்டியும், பெரிய இனங்களில் சில வேளை ஒன்றரை இரண்டு வயதிலும் முதன்முறை தோன்றும் இது, அதன் பின்னர் ஏறத்தாழ ஆறு ஏழு மாதங்களுக்கு ஒருமுறை திரும்பி வரும். ‘மார்கழி மாசத்து நாய்’ என்ற வசவு தெருநாய்களுக்கு ஓரளவு பொருந்தும். அவை பெரும்பாலும் மழைக்காலத்தின் பிற்பகுதியிலிருந்து முன்பனிவரை கூடி, குளிர் மாதங்களில் குட்டி ஈனுகின்றன. வீட்டு நாய்க்கு அத்தகைய பஞ்சாங்கம் இல்லை. சிலிண்டர் பதிந்த தேதியையும் பால் கணக்கையும் நாட்காட்டியில் குறித்து வைக்கும் குடும்பத் தலைவர், நாய் சென்ற முறை பருவத்துக்கு வந்த தேதியை மட்டும் எங்கும் குறித்து வைப்பதில்லை. கேட்டால் “தீபாவளிக்கு முன்னாடி இருக்கும்” என்பார், அவர் மனைவியோ அது பொங்கலுக்குப் பிந்தியது என்று சாதிப்பார். ஆண்டுக்கு இருமுறை தவறாமல் வரும் ஒன்று ஒவ்வொரு முறையும் எதிர்பாராத இடியாக அவ்வீட்டில் இறங்குவது இவ்வாறுதான்.

பழைய அகப்பொருள் இலக்கணத்தில் இற்செறிப்பு என்றொரு நிலை உண்டு. தலைவியின் களவொழுக்கம் குறித்து ஐயம் கொண்ட தாய், அவளை வெளியே விடாமல் இல்லத்துக்குள்ளேயே வைத்துக் காப்பதை அது குறிக்கும். இத்துறையை இன்று முழு ஈடுபாட்டோடு பயில்வோர் தமிழாசிரியர்கள் அல்லர். பெட்டை நாய் வளர்க்கும் குடும்பத்தினரே. ஆனால் காவலைத் தொடங்கும் நாளையும் விலக்கும் நாளையும் அவர்கள் பெரும்பாலும் தவறாகவே கணிக்கிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மருத்துவ நூல்கள் இப்பருவத்தை இரண்டு நிலைகளாகப் பிரிக்கின்றன. முன்நிலையில் பெட்டையின் பிறப்புறுப்பு வீங்கி, இரத்தம் கலந்த கசிவு தோன்றும். ஆண் நாய்கள் வந்து குவியும். பெட்டையோ உட்கார்ந்துகொண்டும் உறுமியும் பல்லைக் காட்டியும் அவற்றை அண்டவிடாது. சராசரியாக ஒன்பது நாள் நீடிக்கும் இந்நிலையை ஒருதலைக் காமமாகிய கைக்கிளையில் அடக்குவதற்கு இலக்கணம் கற்றோர் மறுப்புச் சொல்லமாட்டார்கள். அடுத்த நிலையில் கசிவின் சிவப்பு வெளுத்து, வைக்கோல் ஊறிய தண்ணீரின் நிறத்துக்கு வரும், அல்லது கண்ணுக்கே தெரியாதபடி குறையும், வீக்கம் தளரும், இடுப்பருகே கை பட்டால் பெட்டை வாலை ஒரு பக்கமாக ஒதுக்கி அசையாமல் நிற்கும். இதுவும் சராசரி ஒன்பது நாள்தான் என்றாலும் மூன்றே நாளில் முடிவதும் மூன்று வாரம் இழுப்பதும் உண்டு. கருத்தரிப்பு நிகழ்வது இந்த இரண்டாம் நிலையில். வீட்டாரோ இரத்தத்தை ஆபத்தின் அடையாளமாகவும், இரத்தம் நின்றதை ஆபத்து நீங்கியதன் அடையாளமாகவும் கொள்கிறார்கள். முதல் ஒன்பது நாள், பெட்டை தானே தன்னைக் காத்துக்கொள்ளும் காலத்தில், அவர்கள் இரவில் முறை வைத்து விழித்திருக்கிறார்கள். பத்தாம் நாள், தரையில் விரித்த பழைய செய்தித்தாள்களைச் சுருட்டி எடைக்குப் போட்டுவிட்டு, வீடு முழுவதும் துடைத்து, சங்கிலியை அவிழ்த்து, “பாவம், ரொம்ப நாளா அடைஞ்சு கிடக்குது” என்று நாயைத் தோட்டத்தில் விட்டுவிட்டு நிம்மதியாக உறங்கப் போகிறார்கள். பிற்காலத்தில் அத்தெருவில் காணப்படும் பல குட்டிகளின் பிறப்பு அந்த இரக்கத்துக்குக் கடன்பட்டது.

செய்தி ஊருக்குப் பரவும் விதமும் தனியே குறிப்பிடத்தக்கது. பருவத்திலுள்ள பெட்டை வழக்கத்தைவிட அடிக்கடி, சிறிது சிறிதாகச் சிறுநீர் கழிக்கும். அதிலுள்ள வேதிப்பொருள்களை ஆண் நாய் மூக்கால் மட்டுமன்றி, மேலண்ணத்துக்கு மேலே அமைந்த மற்றோர் உணர் உறுப்பாலும் அறிகிறது. பாலூட்டிகளிடம் உள்ள இவ்வுறுப்பை 1813இல் விளக்கி எழுதிய டேனிஷ் மருத்துவர் ஜேக்கப்சனின் பெயராலேயே அது வழங்குகிறது. அந்த வேதிப்பொருள் எது என்பதில் இன்னும் தெளிவில்லை. மெத்தில்பாராபென் என்ற பொருளே அது என்று 1979இல் ஓர் ஆய்வு அறிவித்தது. முகப்பூச்சுகள் கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருளே அது என்பதால், ஒப்பனை அறைகளின் வாசலில் நாய்கள் ஏன் திரளவில்லை என்ற ஐயம் எழுவது இயல்பு. பின்னர் நடந்த சோதனைகளில் அம்முடிவு உறுதிப்படவில்லை. எப்பொருளாயினும் அதை வழியெங்கும் விநியோகிப்பவர் வீட்டுக்காரரே. காலையில் நாயை நடத்திச் சென்று, முனைக்கடை, மின்கம்பம், டிரான்ஸ்பார்மர், பிள்ளையார் கோயில் மதில் என்று அது குந்தும் இடத்திலெல்லாம் பொறுமையோடு நின்று, திரும்பத் தம் வீட்டு வாசலிலேயே அந்த மணத்தின் தடத்தைக் கொண்டுவந்து முடிக்கிறார். மாலையில் அடுத்த தெரு நாய்களும் வாசலில் நிற்பதைக் கண்டு, இதுகளுக்கு முகவரி யார் கொடுத்தார்கள் என்று வியக்கிறார். பருவ நாள்களில் நாயை மொட்டைமாடியிலோ பின்கட்டிலோ கழிக்கவைத்து, அவ்விடத்தை உடனே கழுவிவிடுவதும், வெளியே கொண்டுபோயே ஆகவேண்டுமென்றால் தெருமுனைவரை தூக்கியோ வண்டியிலோ கொண்டுசெல்வதும் இதற்கு மாற்று. நாற்பது கிலோ இராஜபாளையம் நாயைத் தூக்குவது எப்படி என்பதற்கு நூல்களில் விளக்கம் இல்லை.

வாசலில் கூடும் அவையில் எல்லா வகையினரும் இடம்பெறுவர். தெருவின் ஆளுகையைக் கையில் வைத்திருக்கும் மூத்த நாய் கேட்டுக்கு நேரே படுத்திருக்கும். இளையவை எதிர்ச்சாரியில் நிற்கும் காரின் அடியில் காத்திருக்கும். கருத்தடை செய்யப்பட்டதற்கு அடையாளமாகக் காதில் வெட்டுப்பட்ட கிழநாய் ஒன்று, வந்த காரியம் தெளிவாக நினைவுக்கு வராமல், கூட்டத்துக்கு மரியாதை செய்யும் பொருட்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும். சிலர் மட்டும் அறிந்து முணுமுணுப்பது அம்பல், ஊரே அறிந்து பேசுவது அலர் என்று இலக்கணம் வேறுபடுத்தும். முதல் நாள் பால்காரரோடு நிற்கும் அம்பல், மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு நடக்கும் நாய்ச்சண்டையோடு அலராகிவிடும், மறுநாள் காலை அடுத்த வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, “என்ன சார், வீட்ல ஏதாவது விசேஷமா?” என்று கேட்பார்.

விரட்டும் முறைகளில் தமிழ்நாட்டுக்கே உரியதுபோல் வேரூன்றியிருப்பது நீலத் தண்ணீர் பாட்டில். காலி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, துணிக்குப் போடும் சொட்டு நீலம் சில துளி கலந்து, கேட்டின் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் நாய் நெருங்காது என்பது நம்பிக்கை. நாய்க்குச் சிவப்பும் பச்சையும் வேறுபட்டுத் தெரிவதில்லை என்றும், நீலமும் மஞ்சளும் நன்றாகவே தெரிகின்றன என்றும் 1989இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆகவே அந்தப் பாட்டிலை நாய் பார்க்கவில்லை என்று யாரும் குறை சொல்ல இயலாது. பார்த்துவிட்டு, அதன்மேல் காலைத் தூக்கிவிட்டுப் போகிறது. மிளகாய்ப்பொடி தூவுவது, மறந்துபோய்ச் செருப்பின்றி நடக்கும் வீட்டாரையே முதலில் தண்டிக்கிறது. ஃபினாயில் மணம் சிறிது நேரமே நிற்கும். பாச்சை உருண்டை இறைப்பது வேடிக்கையன்று. நாய் விழுங்கினால் அது நஞ்சு. பெட்டையின் வாலில் விக்ஸ் தடவி மணத்தை மறைக்கும் உபாயமும் உண்டு. அதை நக்கும் நாய்க்கு அதிலுள்ள கற்பூரம் கெடுதல் என்பதோடு, பல மடங்கு நுண்ணிய மூக்குடைய ஆண் நாய் அதனால் ஏமாறுவதுமில்லை. சளி பிடித்த பெட்டை ஒன்று இன்ன வீட்டில் இருக்கிறது என்று கூடுதலாக ஒரு தகவலைப் பெறுகிறது.

இவை அனைத்துக்கும் பொதுவான குறை, காவலின் முகம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருப்பது. பிற்கால அகப்பொருள் நூல்கள் இரவில் வரும் தலைவனுக்குரிய தடைகளை எண்ணும்போது, தாய் உறங்காமை, ஊர் உறங்காமை என்பவற்றோடு நாய் உறங்காமையையும் சேர்த்துச் சொல்கின்றன. நாயே தலைவனாகவும் நாயே தலைவியாகவும் இருக்கும் இடத்தில் அந்தத் தடை துணையாக மாறிவிடுகிறது. இரண்டாம் நிலையை எட்டிய பெட்டை, தன்னைக் காப்பவர்களின் பக்கத்தில் இல்லை. மூன்றாண்டாகக் கேட்டைத் தாண்டி ஓரடி வைக்காத சாது நாய், கூரியர் பையனிடம் கையெழுத்துப் போடும் நேரத்தில் கால்களுக்கு இடையே புகுந்து உடன்போக்கு மேற்கொள்ளும். அதாவது, பெற்றோர் அறியாமல் தலைவனோடு போய்விடும். ஆறடி மதில் கட்டியவர்கள், கேட்டுக்கு அடியிலுள்ள அரையடி இடைவெளியைக் கார் ஏறுவதற்கென்று விட்டிருப்பார்கள். ஆண் நாய் மண்ணைப் பறித்து உள்ளே வருவதும் பெட்டை வெளியே போவதும் அவ்வழியேதான். தரைக்கறையைத் தவிர்க்க அணிவிக்கும் டயாபர் தரையை மட்டுமே காக்கும். அதைக் கழற்றுவதில் இரு தரப்புக்கும் ஒத்த கருத்து இருக்கும். இரத்தம் கண்ட நாளிலிருந்து குறைந்தது மூன்று வாரம், வாலை ஒதுக்கும் வழக்கம் நிற்கும்வரை, பூட்டிய கதவு, தனியே விடாத தோட்டம், பெரியவர் கையில் இறுகப் பிடித்த தோல்வார் ஆகிய மூன்றுமே பயன் தரும்.

காவல் தவறிவிட்டால் தெருவில் காணப்படும் காட்சி அனைவரும் அறிந்ததே. ஆணின் உறுப்பின் அடிப்பகுதி பெட்டையினுள் வீங்கிப் பொருந்திக்கொள்வதால், இரண்டும் எதிரெதிர்த் திசை நோக்கி, சில நிமிடங்களிலிருந்து அரைமணி நேரமோ அதற்கு மேலோ பிரிய முடியாமல் நிற்கும். உடனே வாளித் தண்ணீர், துடைப்பம், கல், அறிவுரை ஆகியவற்றோடு மக்கள் திரள்வார்கள். இழுத்துப் பிரித்தால் இரண்டுக்கும் காயம் நேரும். பிரித்துப் பயனும் இல்லை, ஏனெனில் விந்தணு நிறைந்த பகுதி தொடக்கத்திலேயே சென்று சேர்ந்துவிடும். அமைதியாகப் பக்கத்தில் நின்று, கூட்டத்தை விலக்கி, பிரிந்தபின் பெட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய், அன்றோ மறுநாளோ கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மருந்துக்கடையில் மனிதருக்கு விற்கும் மாத்திரையை வாங்கித் தாமாகக் கொடுக்கலாகாது. ஒருமுறை தவறியாயிற்று என்று காவலை விட்டுவிடுவதும் பிழை. நாயின் கருமுட்டை வெளிவந்தபின் முதிர்வதற்கே இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். விந்தணு உள்ளே ஒரு வாரமளவும் உயிரோடிருக்கும். ஆகவே ஒரே ஈற்றில் பிறக்கும் குட்டிகளுக்கு வெவ்வேறு தந்தையர் இருக்கக்கூடும். ஏறத்தாழ அறுபத்து மூன்று நாள் கழித்துக் குட்டிகள் பிறக்கும்போது, கறுப்பு ஒன்றும் செவலை ஒன்றும் வெள்ளையில் புள்ளி இரண்டும் கண்டு, தெருவார் ஒவ்வொன்றுக்கும் தகப்பன் பெயரை அங்கேயே அறிவிப்பார்கள்.

கருத்தரிக்காத பெட்டையையும் மறந்துவிட இயலாது. சில வாரங்களில் பால் சுரந்து, பிள்ளைகளின் ரப்பர் பொம்மையைக் குட்டியாகப் பாவித்துக் கட்டிலடியில் வைத்துக் காக்கும் பொய்ச்சினை பெரும்பாலும் தானே அடங்கிவிடும். பருவம் முடிந்த ஒன்றிரண்டு மாதத்துக்குள் நாய் உண்ணாமல் சோர்ந்து, தண்ணீரை மட்டும் ஓயாமல் குடித்தால் அது கருப்பையில் சீழ் கட்டும் நோயாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போகாவிட்டால் உயிர் போய்விடவும் கூடும். பருவத்தைத் தள்ளிப்போடும் ஊசி கேட்டு வருவோருக்கு, அத்தகைய ஊசிகள் இந்நோய்க்கு வழி வகுக்கும் என்பது பெரும்பாலும் தெரிவதில்லை.

இத்தொல்லைகளுக்கு நிலையான மாற்று கருத்தடை. சென்னையில் 1959இல் தோன்றிய ப்ளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பு 1960களிலிருந்தே வலியுறுத்திவந்த நாய்க் கருத்தடை, 2001இல் மத்திய அரசின் விதிகளாகி, 2023இல் புதிய விதிகளாகத் திருத்தி எழுதப்பட்டது. வீட்டு நாயின் கருத்தடைக்கு அதை வளர்ப்பவரே பொறுப்பு என்று அவ்விதிகள் சொல்கின்றன. பருவத்தின்போது இரத்த ஓட்டம் மிகுந்திருக்குமாதலால் அறுவையை அப்போது தவிர்த்து, இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்வதே மருத்துவர்கள் விரும்பும் முறை. அதற்குள் வாசல் வெறிச்சோடி, பாட்டிலின் நீலம் வெளிறி, இனி என்ன அவசரம் என்று தோன்றும்; அந்த நேரத்தில் நாள் குறித்துவிட வேண்டும். அறுவைக்கு முந்திய இரவுக்குப் பின் நாய்க்கு உணவு கொடுக்கக் கூடாது என்பதை மருத்துவர் சொல்வார். அதை வீட்டிலுள்ள பாட்டியிடம் முன்கூட்டியே, இருமுறை சொல்லிவையுங்கள்.