பெரியப்பாவின் தள்ளுமேடை

பணி ஓய்வு பெற்ற ஆண்களில் ஒரு ரகம் கோயில் குளம் என்று கிளம்பிவிடும். இன்னொரு ரகம் ஃபிளாட் அசோசியேஷனில் செயலாளராகி, தண்ணீர் லாரிக்காரரோடு சண்டை போடும். இவர்களால் வீட்டுக்கு ஆபத்தில்லை. மூன்றாவது ரகம்தான் வம்பு. முப்பத்தைந்து வருஷமாகத் தண்ணீர் குடிக்க மட்டும் எட்டிப்பார்த்த சமையலறையைச் சீர்திருத்தப் புறப்படும் ரகம். சட்டைப்பையில் பேனாவுக்குப் பதில் இன்ச் டேப் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அவரேதான். எங்கள் குடும்பத்தில் அது பெரியப்பா.

சென்னை ஃபிளாட்டின் சமையல் மேடை என்ன லட்சணத்தில் இருக்கும் என்பது தெரிந்ததே. இரண்டடி அகல கிரானைட்டில் அடுப்பு, மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர்க் கேன், பாத்திரக்கூடை எல்லாம் உட்கார்ந்தது போக, ஒரு சப்பாத்திப் பலகைக்கு இடம் மிஞ்சினால் பெரிது. அதனால் பெரியம்மா முருங்கைக்கீரை உருவுவது ஹாலில், தரையில் உட்கார்ந்து, டிவிக்கு எதிரே. பெரியப்பாவுக்கு அது இடப்பற்றாக்குறை. பெரியம்மாவுக்கு அது சீரியல்.

இந்த ரகத்தினர் எதையும் உள்ளூரிலிருந்து ஆரம்பிக்க மாட்டார்கள். "1926லேயே ஜெர்மனியில, ஃபிராங்க்ஃபர்ட்ல, மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கின்னு ஒரு அம்மா, ரயில் சாப்பாட்டுப் பெட்டியோட சமையல்கட்டைப் பார்த்து, 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்ல ஒரு சமையலறையே வடிவமைச்சாங்க, தெரியுமா? அதுக்கு முன்னாடி அவங்க சமைச்சதே இல்ல. அவங்களே சொல்லியிருக்காங்க!"

கடைசி வாக்கியத்துக்குத்தான் இத்தனை பீடிகையும்.

"சரிங்க. அதுல சமைச்சவங்க என்ன சொன்னாங்க?"

"ரெண்டு பேர் நின்னா இடிக்குதுன்னாங்களாம்."

"ரெண்டாவதா யாருங்க நிக்கப்போறது?" என்று கேட்டுவிட்டுப் பெரியம்மா குக்கர் விசிலைக் கவனிக்கப் போய்விட்டார்.

ஊர் வீட்டை இடித்தபோது பத்திரப்படுத்திய தேக்குக் கதவு ஒன்று பரணில் கிடந்தது. அதைப் பலகையாக்கி, தள்ளிக்கொண்டு போகிற மேடை வண்டி ஒன்று செய்ய ஆசாரி வந்தார். மேடை உயரம் 33 அங்குலம், வண்டியும் 33 அங்குலம் என்று பெரியப்பா படம் போட்டே கொடுத்தார். "பளபளன்னு வார்னிஷ் அடிச்சுடலாங்களா சார்?" என்றதற்கு, காய் நறுக்கும் பலகையில் வார்னிஷ் கூடாது என்று கால் மணி நேரம் வகுப்பெடுத்தார். வகுப்பில் விட்டுப்போன பாடம் ஒன்றுதான்: சக்கரம். மூன்று அங்குலச் சக்கரம், அதன் தகடு எல்லாம் சேர்ந்து நாலு அங்குலம். வண்டி 37 அங்குலத்தில் வந்து நின்றது. ஐந்தடிப் பெரியம்மா சப்பாத்தி மாவு பிசையக் கையை வைத்தால், தோள் காதைத் தொட்டது.

உயரத்தை விடுங்கள், வெள்ளோட்டம் என்று ஒன்று வேண்டாமா? கல்லோடு பத்துக் கிலோவுக்குக் குறையாத கிரைண்டரைப் பெரியப்பா தூக்கி வண்டியில் வைத்தார். உளுந்து போட்டார். சுவிட்சைத் தட்டினார். நம் வீட்டுத் தளமெல்லாம் தண்ணீர் வடியக் கொஞ்சம் சாய்வாகத்தானே போட்டிருப்பார்கள்? பிரேக் போட மறந்திருந்தார். கிரைண்டர் அதிர அதிர, வண்டி மெல்ல நகர்ந்து, மாவு அரைத்துக்கொண்டே சர்வீஸ் பால்கனியை நோக்கிப் பயணப்பட்டது. ஒயர் விறைத்து, பிளக் பிடுங்கிக்கொண்டு, தானே நின்றது.

"பார்த்தியா, ஆபத்துன்னா தானா ஆஃப் ஆயிடும்" என்றார் பெரியப்பா. இந்த ரகத்துக்குத் தோல்வியே கிடையாது, வசதிகள்தான் கூடிக்கொண்டே போகும்.

மறுநாள் கால்களை அறுக்க ஆசாரி ரம்பத்தோடு வந்தார். பெரியம்மா தடுத்துவிட்டார். "இருங்க ஆசாரி. என்னங்க, இப்படி வந்து நில்லுங்க."

நின்றார். பெரியப்பா ஐந்தடி ஒன்பது அங்குலம். பலகை அவர் முழங்கைக்குச் சற்றுக் கீழே, சரியாக இருந்தது. முதுகு வளையவில்லை, தோள் தூக்கவில்லை. ஃபிராங்க்ஃபர்ட் அம்மாவே வந்து அளந்தாலும் குறை சொல்ல முடியாது.

"அளவு கச்சிதமா உங்களுக்குத்தான் அமைஞ்சிருக்கு" என்று சொல்லி அரைக்கிலோ பீன்ஸையும் கத்தியையும் வைத்துவிட்டுப் போனார்.

சமையலறையில் இரண்டு பேர் நின்றால் இடிக்கும் என்பதால் வண்டி இப்போது ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது, பிரேக் போட்டபடி. போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். பெரியப்பா பீன்ஸைக் கால் அங்குலம் கால் அங்குலமாக நறுக்கிக்கொண்டிருந்தார். நீளம் பிசகிய ஏழெட்டுத் துண்டுகளைத் தனியே ஒதுக்கி வைத்திருந்தார். பெரியம்மா தரையில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி அதையும் சேர்த்து வாரிக்கொண்டார். கண் சீரியலில் இருந்தது.