9.8 போடவா, 10 போடவா?

பிளஸ் ஒன் இயற்பியலில் வீட்டுக்கணக்குப் போட நம் பிள்ளைகளுக்கு உதவி கிடைப்பதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புத்தகத்தைவிடத் தடிமனான கைடு கடையில் தொங்குகிறது. தெருவுக்குத் தெரு ட்யூஷன். முதல் ரேங்க் மாணவியின் நோட்டைப் படம் எடுத்து நள்ளிரவிலும் வாட்ஸ்அப்பில் ஏற்றும் புண்ணியவான்கள் வகுப்புக்கு நாலு பேராவது தேறுவார்கள். போதாததற்கு, கேள்வியைப் போட்டோ பிடித்தால் கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் விடையைத் துப்பும் செயலி. இத்தனை பேர் கைதூக்கிவிட்ட பிறகும் பிள்ளை எழுந்து நின்று கேட்கும் சந்தேகம் ஒன்றுதான்: "சார், ஜிக்கு 9.8 போடவா, 10 போடவா?"

பூமி எப்படி இழுக்கிறது என்பதில் அவனுக்கு அக்கறை இல்லை. எந்த எண்ணைப் போட்டால் மார்க் விழும் என்பதில்தான் அக்கறை. அவனைக் குற்றம் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நாம் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதானே.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 60 கிலோ ஆள் லிஃப்டில் எடைக்கருவி மேல் நிற்கிறார். லிஃப்ட், வினாடிக்கு வினாடி 2 மீட்டர் வீதம் வேகம் கூடி மேலே போகிறது. தரை அவரை எவ்வளவு விசையோடு தாங்குகிறது? லிஃப்டை அழித்துவிட்டு ஆளை மட்டும் வரைய வேண்டும். பாடநூல் இதைத் தனித்த பொருள் விசைப்படம் என்கிறது. இரண்டே அம்புக்குறி: பூமி கீழே இழுப்பது ஒன்று, தரை மேலே தள்ளுவது இன்னொன்று. தள்ளுவதில் இழுப்பதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் ஆளை மேல்நோக்கி முடுக்குகிறது. ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், 10 என்று வைத்தால், அதோடு லிஃப்டின் 2ஐக் கூட்டி, 60ஐ 12ஆல் பெருக்கி 720 நியூட்டன். மக்குப் பிள்ளை என்று முத்திரை குத்தப்பட்டவனுக்கும் பத்து நிமிடத்தில் இது புரியும்.

பத்து நிமிடத்துக்கு எங்கே போவது? ட்யூஷன் மாஸ்டர் அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறார். "லிஃப்ட் மேலே போனா பிளஸ், கீழே வந்தா மைனஸ். கட்டம் போட்டு வச்சுக்கோ, கன்ஃபார்ம் கொஸ்டின்." நாற்பது பேனாக்கள் கட்டம் போடுகின்றன. அடுத்த வாரம் ஒரு விஷமக்காரர் கேள்வியைச் சற்றே திருப்புகிறார்: அதே லிஃப்ட் மேலேதான் போகிறது, ஆனால் ஏழாவது மாடியில் நிற்பதற்காக அதே வீதத்தில் வேகம் குறைகிறது. இப்போது முடுக்கம் கீழ்நோக்கி; விடை 480. நாற்பது பேரும் 'மேலே போனா பிளஸ்' என்று 720 எழுதுகிறார்கள். துணிக்கடை லிஃப்டில் மாடி வரும்போது வயிற்றுக்குள் ஏதோ எழும்புகிற மாதிரி இருக்கிறதே, அதைப் பற்றித்தான் கேள்வி என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. கேட்டால், "இது அவுட் ஆஃப் சிலபஸ் சார்" என்கிறார்கள்.

பள்ளிக்கூடங்களின் சாதனை இதைவிடப் பெரிது. பிளஸ் ஒன் புத்தகத்தை மூட்டைகட்டிப் போட்டுவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே அரைத்த பள்ளிகளை மாநிலமே அறியும். விசை, இயக்கம், ஈர்ப்பு, அலைவு எல்லாம் அந்த மூட்டைக்குள்தான் கிடந்தன. அதை ஒழிக்க 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். பிள்ளைகளுக்கு மன அழுத்தம் என்று 2025-26இல் அதை எடுத்துவிட்டார்கள். மூட்டை கட்டுகிறவர்களுக்கு இனி ஒரு அழுத்தமும் இல்லை. நீட்டில் மட்டும் இரண்டு வருடப் பாடமும் வரும். 180 நிமிடத்தில் 180 கேள்வி. நிமிடத்துக்கு ஒன்று என்றால் அம்புக்குறி வரைய நேரம் ஏது என்று கோச்சிங்காரர் கேட்கிறார். அவர் வியாபாரி, கேட்பார்.

ஆய்வகத்தையும் சொல்லிவிட வேண்டும். தனி ஊசல் குண்டு எத்தனையோ பள்ளிகளில் அலமாரியை விட்டு அசைவதில்லை. ஆனால் ரெக்கார்டு நோட்டில் ஜியின் மதிப்பு தப்பாமல் 9.8 வந்துவிடுகிறது. விடையில் தொடங்கி அளவீட்டுக்கு வந்து சேரும் இந்த விஞ்ஞானம் கலிலியோவுக்குத் தெரியாமல் போயிற்று. பாவம், மனிதர் பந்தை உருட்டி உருட்டி நேரத்தை வீணாக்கினார்.

இப்போது ஆசிரியருக்கு வருவோம். எல்லாரையும் சொல்லவில்லை. மணி அடித்த பிறகும் கரும்பலகை முன் நின்று ஒரே கணக்கை மூன்று விதமாகப் போட்டுக்காட்டுகிறவர்கள் உண்டு. 'போர்ஷன் முடிக்காதவர்' என்ற கெட்ட பெயரும் அவர்களுக்குத்தான் கிடைக்கிறது. நான் சொல்வது மற்றவரை. காலை வகுப்பில் சந்தேகம் கேட்டால் "டைம் இல்லப்பா, சாயங்காலம் பாத்துக்கலாம்" என்பார். சாயங்காலம் என்றால் அவர் வீட்டு மொட்டைமாடி. அங்கே அதே வாய் தேனாய் இனிக்கிறது; அதே கை அம்புக்குறியைக்கூட வரைகிறது. மாதக் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை மட்டும் பகலில் கேட்டதோடு சரி. அதற்கு மேல் வாய் திறக்கவும் பயம், அகமதிப்பீட்டின் 10 மார்க் அவர் கையில் அல்லவா இருக்கிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஆசிரியர் எவரும் தனிப்பயிற்சியில் ஈடுபடக் கூடாது என்று ஒரே வரியில் சொல்கிறது. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கானது, எங்கள் மாணவனுக்கு 15 முடிந்துவிட்டது என்று வாதாட ஆள் இருக்கிறது. 16 வயதுக்குக் கீழே கோச்சிங் சென்டரில் சேர்க்காதே என்று 2024 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டுதல் எழுதியது. அதே கோச்சிங் கட்டணத்தில் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் அரசுக்குப் போகிறது. கூடாது என்று ஒரு கையால் எழுதி, மறு கையை நீட்டுகிற சாமர்த்தியத்துக்கு எந்த இயக்க விதியும் விளக்கம் தராது.

பெற்றோரே, நீங்களும் சும்மா இருந்துவிட வேண்டாம். பிள்ளை கணக்கைக் கொண்டுவந்தால் கைடைத் தேடாதீர்கள், போனை நீட்டாதீர்கள். "படம் போட்டியா? யார் யாரை இழுக்கிறார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். அதைக் கேட்க இயற்பியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய், "பகலில் கேட்ட சந்தேகத்துக்கு ஏன் பகலில் பதில் இல்லை?" என்றும் கேளுங்கள். நாலு பேர் சேர்ந்து போங்கள், தனியாகப் போனால் உங்கள் பிள்ளையின் மார்க்கில் கை வைப்பார்கள்.

சம்பளத்தை வாங்கிக்கொண்டு பகலில் சொல்ல மறுத்த பதிலைச் சாயங்காலம் காசுக்கு விற்பதற்குப் பெயர் லஞ்சம். தாலுகா ஆபீஸில் வாங்கினாலும் மொட்டைமாடியில் கரும்பலகை மாட்டி வாங்கினாலும் அதற்குப் பெயர் அதுதான்.