பாயின்ட் டூ டூ ஆசாமி

ஊருக்கு ஒருவராவது இப்படி இருப்பார். வங்கியில் வேலை, அல்லது சொந்தமாக ஒரு மோட்டார் உதிரிபாகக் கடை. மனைவி வழியில் பொள்ளாச்சிப் பக்கமோ தேனிப் பக்கமோ மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. பேச்சு பெட்ரோல் விலையில் தொடங்கினாலும் சரி, மூட்டுவலியில் தொடங்கினாலும் சரி, கால் மணி நேரத்தில் ஏர்கன்னில் வந்து நிற்கும். "பாயின்ட் ஒன் செவன் செவனா, பாயின்ட் டூ டூவா... அதுதான் சார் யோசனை" என்பார். அவர் இந்த யோசனையில் இறங்கியபோது எல்.கே.ஜி.யில் இருந்த மகள் இப்போது கல்லூரிக்கு மனு போட்டுக்கொண்டிருப்பாள். இன்றைக்கோ நாளைக்கோ துப்பாக்கி வாங்கப் போகிறவர் என்றே ஊர் அவரை நினைத்துக்கொண்டிருக்கிறது. என் கட்சி வேறு. இவர் வாங்க மாட்டார். தப்பித்தவறி வாங்கினாலும் சுட மாட்டார். தேர்ந்தெடுப்பதுதான் இவருடைய வேட்டை.

முதல் சாட்சி சட்டப் புத்தகம். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூல் வேகச் சக்தியும் தாண்டாத ஏர்கன்னுக்கு 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம். அந்த 4.5 மில்லிமீட்டர்தான் பாயின்ட் ஒன் செவன் செவன். டூ டூ என்பது 5.5 மில்லிமீட்டர், அதற்கு உரிமம் வேண்டும். ஆக, உரிமம் வாங்கும் உத்தேசம் இல்லாதவருக்கு அரசாங்கமே தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டது. அடுத்து, எதைச் சுடுவது? 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் புறாவையும் கொக்கையும் கிளியையும் அணிலையும் தொடவிடாது; சுட முயன்றாலே அது வேட்டையாடியதாகத்தான் கணக்கு. முன்பு காக்கை, எலி, பழந்தின்னி வௌவால் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில உயிர்கள் மட்டும் ‘தீங்குயிர்’ பட்டியலில் இருந்தன. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தப் பட்டியலே போய்விட்டது. இருந்த காலத்திலும்தான் என்ன? காக்கையைச் சுட்டுவிட்டு எந்தத் தமிழ் வீட்டுக்குள் நுழைய முடியும்? அமாவாசைச் சோற்றுக்கு யாரை அழைப்பது? குழலும் முடிவாகிவிட்டது, குறிக்கு இலக்கும் இல்லை. இரண்டு பக்கமும் அடைத்த சந்தில் ஒருவர் பத்து வருடத்துக்கு மேலாக ‘எந்தப் பக்கம் போகலாம்’ என்று யோசிக்கிறார் என்றால், அவருக்குப் போகும் எண்ணம் இல்லை என்றுதானே பொருள்?

அவருடைய பேச்சே இரண்டாம் சாட்சி. எதைக் கேட்டாலும் வேகத்தில்தான் தொடங்குவார். "ஆயிரம் அடி போகும் சார், ஒரே செகண்டில்." அது ஷோரூமில் சொல்லும் மைலேஜ். இருப்பதிலேயே லேசான ரவையைப் போட்டு எடுத்த கணக்கு; அரை கிராம் ஈய ரவையைப் போட்டால் அந்த எண் மளமளவென்று இறங்கிவிடும். ரவை என்பதையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். சுண்டுவிரல் நுனியில் நிற்கும் ஓர் உடுக்கை அது. முன்னால் தலை, நடுவில் சிறுத்த இடை, பின்னால் உள்ளே குழிந்த பாவாடை. காற்று அந்தப் பாவாடையை விரித்துக் குழலின் வரிகளோடு அழுத்தும். ரவை சுழன்றுகொண்டே வெளியேறும். ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் ஒரு குழலுக்குப் பிடித்த ரவை பக்கத்துக் குழலுக்குப் பிடிப்பதில்லை. நான்கைந்து டப்பா வாங்கி, தாள் ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஐந்து ரவை சுட்டு, எது ஓரிடத்தில் கூடி விழுகிறது என்று பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழி கிடையாது. ஸ்பிரிங் துப்பாக்கி இன்னும் வம்பு பிடித்தது. விசையை அழுத்தியதும் ஸ்பிரிங் பாய்கிறது. ரவை குழலை விட்டுப் போகுமுன்பே துப்பாக்கி பின்னுக்கும் முன்னுக்கும் ஓர் ஆட்டம் போட்டுவிடுகிறது. அதனால் அதை இறுக்கிப் பிடிக்கக் கூடாது; திறந்த உள்ளங்கையில் கிடத்தினாற்போல் ஏந்தி, அதன் போக்கில் ஆடவிட வேண்டும். பெரிய துப்பாக்கியின் உதையைத் தாங்கும் சில ஸ்கோப்புகள்கூட இந்த இருபக்க ஆட்டத்தில் உள்ளே கழன்றுவிடும். நம்மவர் பத்து மாடலின் விலையும் எடையும் ஒப்பிப்பார்; ஏந்தும் முறை மட்டும் அந்தப் பட்டியலில் வராது. அதை விலைப்பட்டியலில் அச்சடிக்க முடியாதே! கடையில் வாங்கிப் பார்க்கும்போது மாரியம்மன் கோயில் தேர்வடத்தைப் பிடிப்பதுபோல்தான் பிடிப்பார். குறி தவறினால் ஸ்கோப்பை மாற்ற வேண்டும் என்பார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல், இவருக்குக் குழல்.

சிலர் இதை மறுப்பார்கள். தோப்பு வைத்திருக்கிறவருக்கு மயில் தொல்லையும் காட்டுப்பன்றித் தொல்லையும் தெரியும், நீர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறீர் என்பார்கள். தொல்லை உண்மை; விளைந்த காட்டை ஒரே இரவில் பன்றி உழுதுவிட்டுப் போனவரின் கோபமும் நியாயமே. ஆனால் 20 ஜூல் சக்தியை வைத்துக்கொண்டு பன்றியிடம் போவது கொக்கின் தலையில் வெண்ணெய் வைத்த கதை. கோபப்படுத்தலாம், அவ்வளவுதான். 2025இல் தமிழக அரசு, காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுட அனுமதித்தபோதும் அந்த வேலையை வனத்துறையிடம்தான் கொடுத்தது. மயிலோ தேசியப் பறவை, முதல் அட்டவணை. கொன்றால் குறைந்தது மூன்றாண்டுச் சிறை. அப்படியானால் நிஜமான டூ டூ ரைஃபிளே வாங்கிவிடுகிறேன் என்று இவர் ஒருநாள் எழுந்து நிற்பார். வெடிமருந்துத் தோட்டா போடும் டூ டூ முற்றிலும் வேறு சாதனம். இரண்டரை கிராமுக்குச் சற்று மேலான குண்டு, ஏர்கன் வரம்பைப்போல் ஏழு மடங்கு சக்தியோடு ஒரு கிலோமீட்டரையும் தாண்டிப் போகும். அதற்கு மனு, போலீஸ் விசாரணை, என்ன காரணத்துக்காக என்ற கேள்வி. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ‘காரணம்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் இவர் பேனாவை மூடிவிடுகிறார். எழுத ஒரு காரணமும் இல்லை என்பது அவருக்கே அப்போதுதான் தெரிகிறது. மறுநாள் மறுபடி ஒன் செவன் செவன்.

இன்னொரு மறுப்பு சற்றுக் கனமானது: விளையாட்டு இருக்கிறதே? ஆம், இருக்கிறது, அதுவும் எல்லாரும் எட்டக்கூடிய ஒன்றாக. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக மேடைகளில் நிற்பதும் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். அதே ஒன் செவன் செவன் ரவையில். சக்தி பத்து ஜூலுக்கும் கீழே. ஸ்கோப் கிடையாது, ஊசித்துளை வழியேதான் பார்க்க வேண்டும். தாளின் நடுவிலுள்ள பத்து மதிப்பெண் புள்ளி அரை மில்லிமீட்டர். அதைத் துளைக்கும் ரவை அதைப்போல் ஒன்பது மடங்கு அகலம். வேகமும் இல்லை, தொலைவும் இல்லை, பெரிய குழலும் இல்லை. நம்மவர் ‘எது பெஸ்ட்’ என்று அளக்கும் எல்லா அளவுகோலிலும் தோற்கும் துப்பாக்கி அது. ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தால் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு. ஆனால் அங்கே தாள் இருக்கிறது. சுட்ட பிறகு ஓட்டைகள் அங்கேயே இருக்கும், யார் வேண்டுமானாலும் எண்ணலாம். வாங்காத துப்பாக்கியில் ஒருவர் இதுவரை ஒரு குறிகூடத் தவறியதில்லை என்ற பெருமையைத் தாளுக்கு முன்னால் எடுத்துப் போக யாருக்குத்தான் மனம் வரும்?

சரி, வாங்கவும் மாட்டார், சுடவும் மாட்டார், பிறகு எதற்கு இவரைப் போட்டு உலுக்குகிறீர் என்று கேட்கலாம். இவரால் ஆபத்தில்லை; ஒப்புக்கொள்கிறேன். இவர் பேச்சைக் கேட்டு நம்பி வாங்குகிற அண்ணன் மகனால்தான் உண்டு. உரிமம் வேண்டாம் என்பதாலேயே ஏர்கன் பொம்மை ஆகிவிடாது. ஒரு ரவை ஒரு கண்ணை எடுத்துவிடும், சுவரிலும் கல்லிலும் பட்டுத் திரும்பியும் வரும். இதைச் சொல்லிக் கொடுக்காமல் விலைப்பட்டியலை மட்டும் சொல்லிக் கொடுப்பவரை வெறும் வேடிக்கை மனிதர் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை.

ஆகவே அடுத்த முறை அவர் ஒன் செவன் செவனா, டூ டூவா என்று தொடங்கினால் பதில் சொல்லாதீர்கள். மெரினாவுக்கோ பொருட்காட்சிக்கோ அழைத்துப் போய் பலூன் கடை முன் நிறுத்துங்கள். கோணிப்போன குழல், தேய்ந்த ஸ்பிரிங், என்ன மாடல் என்று செய்தவனுக்கே தெரியாத துப்பாக்கி. கடைக்காரர் பேசிக்கொண்டே ஒரு கையால் எடுத்து மூன்று பலூன்களை அடுத்தடுத்து உடைப்பார். பிறகு துப்பாக்கியை நம்மவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். காசை நீங்களே கட்டிவிடுங்கள்.