வெள்ளையனே, நீ மட்டும் இரு!

ஆகஸ்ட் 15 காலை. சட்டையில் கொடி, வாயில் ஆரஞ்சு மிட்டாய் சகிதம் பள்ளியிலிருந்து திரும்பிய மகன், "வெள்ளைக்காரன் எல்லாரையும் வெரட்டிட்டோம் அப்பத்தா!" என்று முழங்கினான்.

அம்மா சுவரைப் பார்த்தார். சாமி படங்களுக்கு நடுவே கோட்டும் மீசையுமாகக் கர்னல் பென்னிகுயிக். "இவரு இருக்கட்டும்டா. இவரு விட்ட தண்ணியிலதான் நம்ம வயலு."

கம்பத்துத் தேசபக்தியின் சிக்கல் இதுதான். மேற்கே ஓடிய பெரியாற்றை மறித்து அணை கட்டி, மலையைக் குடைந்து, 1895-ல் நம் பக்கம் திருப்பிவிட்டார் மனிதர். அதற்கான குத்தகையைத் திருவிதாங்கூரோடு 1886-லேயே 999 ஆண்டுக்கு எழுதி வாங்கியிருந்தது வெள்ளை அரசு. நாட்டை 1947-ல் விட்டுப் போனவர்கள், தண்ணீருக்கு மட்டும் இன்னும் எட்டு நூற்றாண்டுக்கு மேல் வழி செய்து வைத்திருக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபமும் கட்டியாயிற்று.

ஆகஸ்டில் விரட்டியதற்கு மிட்டாய். ஜனவரியில், அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல். இரண்டுமே 15-ஆம் தேதி, மாதம்தான் வேறு.