பார்வை: தங்கள் மின்னஞ்சல்

வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் பெரியப்பாவுக்குத் தூக்கம் வராது. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கோப்புகள் போய்விட்டன, மகன் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில் தபால் மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் ஜூலை மாதம்தான் அவருக்கு சீசன். 'உங்களுக்குச் சேர வேண்டிய ரீஃபண்ட் தயார். 24 மணி நேரத்துக்குள் கீழே உள்ள லிங்க்கில் டெபிட் கார்டு விவரங்களைச் சரிபார்க்கவும்' என்று மெயில் வரும். விவரம் தெரிந்தவர்கள் அழித்துவிடுவார்கள். தெரியாதவர்கள் லிங்க்கைத் தொட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். பெரியப்பா இரண்டும் செய்ய மாட்டார். பதில் எழுதுவார்.

'பொருள்: வருமான வரி – ரீஃபண்ட் – விவரம் கோரியது – தொடர்பாக. பார்வை: தங்கள் மின்னஞ்சல். பார்வையில் காணும் கடிதத்தில் துறையின் பெயரிலேயே ஓர் எழுத்து விடுபட்டுள்ளது. கையொப்பமிட்ட அலுவலரின் பதவி குறிப்பிடப்படவில்லை. கோப்பு எண் இல்லை. இக்குறைகளைக் களைந்து மீள அனுப்பினால் ஆவன செய்யப்படும்.' கீழே முழுப் பெயர், வீட்டு முகவரி, கைபேசி எண், பென்ஷன் பி.பி.ஓ. எண். கார்டு விவரம் ஒன்றுதான் பாக்கி.

மறுநாளே பிழை நீங்கிய கடிதம் வந்துவிடும், பதவியும் கோப்பு எண்ணும் போட்டு. "பாத்தியா, எடுத்துச் சொன்னா திருந்துறாங்க" என்று பெரியம்மாவிடம் பெருமை வேறு.

நைஜீரியாவிலிருந்து கோடிக்கணக்கில் பணம் தருவதாக எழுதுபவர்கள் ஊர்ப் பெயரை ஏன் மறைப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மாக் ஹெர்லி 2012-ல் ஒரு கட்டுரை எழுதினார். நம்ப முடியாத கதையைப் படித்தால் உஷாரானவன் சிரித்துவிட்டு விலகிவிடுவான். அதற்குப் பிறகும் பதில் போடுகிறவன்தான் மோசடிக்காரனுக்கு வேண்டிய ஆள் என்பது அவர் வாதம். பெரியப்பா நம்பிப் பதில் போடுவதில்லை, திருத்தத்தான் போடுகிறார். அந்த வித்தியாசம் எதிர்முனைக்கு எப்படித் தெரியும்? 'இந்த முகவரியில் ஆள் இருக்கிறார், பேசுகிறார்' என்பது மட்டும் தெரிந்துவிடுகிறது. தபால் பெருகிவிடுகிறது.

ஸ்பேம் பெட்டியையும் விட்டுவைப்பதில்லை. தினமும் காலையில் அதைக் கிளறி, "பாவம், யாரோ மெனக்கெட்டு எழுதியிருக்கான்" என்று இரண்டு மூன்றை மீட்டெடுப்பார். இந்த இரக்கத்துக்கு வெளிநாட்டிலும் ஆள் உண்டு. பிறர் கணினிகளுக்குப் பாதுகாப்புச் சாதனம் விற்கும் ஆர்.எஸ்.ஏ. நிறுவனத்திலேயே 2011-ல் ஓர் ஊழியர், ஆளெடுப்புத் திட்டம் என்று தலைப்பிட்ட மெயிலைக் குப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து, அதோடு வந்த எக்ஸெல் கோப்பைத் திறந்தார். திருடர்கள் அந்த வழியாகத்தான் நுழைந்தார்கள்.

"படிக்காதவன்தான்டா ஏமாறுவான்" என்பார். கூகுளும் ஃபேஸ்புக்கும் படிக்காதவையா? தைவானில் தங்களுக்குப் பொருள் செய்து தரும் நிறுவனத்தின் பெயரில் லிதுவேனியாக்காரர் ஒருவர் அனுப்பிய போலி பில்களுக்கு, 2013 முதல் 2015 வரை அந்த இரண்டும் சேர்ந்து 10 கோடி டாலருக்கு மேல் அழுதன. 2019-ல் அவருக்கு ஐந்தாண்டு சிறை.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் தம்பி மகனுக்கு அழைப்பு வரும். "அட்ரஸைப் பாத்தீங்களா பெரியப்பா?"

"பாத்தேனே. இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்னு தெளிவாப் போட்டிருக்கே."

"அதுக்கப்புறமும் ஏதோ டாட் காம்னு ஓடுது பாருங்க. முதல் ஒற்றைச் சாய்வுக்கோட்டுக்கு முன்னாடி கடைசியா என்ன இருக்கோ அதுதான் ஆளு. அதோட அந்தத் துறை மெயில்ல கார்டு நம்பரும் கேக்காது, பின் நம்பரும் கேக்காது." வங்கிகளுக்கென்றே 'பேங்க் டாட் இன்' என்ற முடிவை ஒதுக்கி, 2025 அக்டோபர் 31-க்குள் இணையதளங்களை அதற்கு மாற்றச் சொல்லி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டதையும் அவன்தான் விளக்குவான். பெரியப்பா எல்லாவற்றையும் டைரியில் குறித்துக்கொள்வார், தேதியோடு.

இதுவரை சிரிக்கலாம். ஒருநாள் மெயில் கணக்கே கைமாறியது. நண்பர்கள் அத்தனை பேருக்கும் 'அவசரச் செலவு, பணம் அனுப்பவும்' என்று கடிதம் போனது. பழைய சக ஊழியர் ஒருவர் அனுப்பியும்விட்டார். "உங்க நடையேதான் சார். பொருள், பார்வை, எல்லாம் இருந்துச்சு" என்றார் அவர். அனுப்பிய மெயில்களைப் படித்துத் திருடன் பாடம் கற்றிருக்கிறான். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசியிருந்தால் பணம் கைமாறும் முன் நிறுத்திவைக்க வழியிருந்திருக்கும். மானம் போய்விடும் என்று பெரியப்பா இரண்டு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்த இரண்டு நாளைத்தான் மன்னிக்க முடியவில்லை. போனது இன்னொருவர் பென்ஷன்.

அதற்குப் பிறகும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுக்கொள்ள மனிதர் சம்மதிக்கவில்லை. பாஸ்வேர்டைக் கேட்டால், "யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு நீதானடா சொன்னே?" என்றார். அது சமையலறைக் காலண்டரின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. பெரியம்மா காட்டிக் கொடுத்து, வேலை முடிந்தது.

இப்போது புது ஏற்பாடு. சந்தேகப்படும் மெயில் எதற்கும் அவர் பதில் போடுவதில்லை. 'தங்கள் குறிப்புரைக்காகப் பணிந்து அனுப்பப்படுகிறது' என்று தம்பி மகனுக்குத் தள்ளிவிடுகிறார். அசல் மின்கட்டண ரசீது, பேத்தியின் பிறந்தநாள் அழைப்பு, எதுவும் தப்புவதில்லை. மூன்று நாளில் பதில் போகாவிட்டால் 'நினைவூட்டு–1' வருகிறது.