மணிக்கட்டுக்குள் ஒரு லயக் காம்பரா

எங்கள் ஹட்டன் பக்கத்தில் கைவலி என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நின்று, மலையேறி, நிறுவை குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும் என்று பயந்து பயந்து தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள் இருக்கிற ஊர் இது. இங்கே ஒரு ஆம்பளை, அதுவும் கடைக் கணக்கு எழுதுகிறவன், "ராத்திரியில விரல் மரத்துப்போகுது" என்று சொல்லலாமா? சொன்னேன். "படுத்துக்கிட்டே போன் பாத்தா மரத்துத்தான் போகும்" என்றாள் மனைவி. அத்தோடு கேஸ் தள்ளுபடி.

விரல் கேட்டால்தானே! நடுச்சாமத்தில் பெருவிரல், ஆட்காட்டி, நடுவிரல் மூன்றிலும் ஊசி குத்தும். எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் கொஞ்சம் விடும். கம்பளியும் சேர்ந்து பறந்துவிடும், அதற்கு வேறு தனித் திட்டு. சுண்டுவிரலுக்கு மட்டும் ஒன்றுமே இல்லை. பக்கவாதம்தான் என்று நானே முடிவுகட்டி உயில் எழுத உட்கார்ந்தேன். பேனா பிடிக்க வரவில்லை. எழுதச் சொத்தும் இல்லை என்பது வேறு விஷயம்.

கிளினிக்கில் டொக்டர் விளக்கினார். மணிக்கட்டுக்குள் ஒரு குறுகின பாதை இருக்கிறதாம். நம்ம தோட்டத்து லயக் காம்பரா மாதிரிதான்: ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்ளேயே குடித்தனம். உள்ளே வீக்கம் கண்டால் நசுங்குவது அந்த நரம்பு. ஓயாமல் ஒரே வேலையை அழுத்திச் செய்கிற கை, அதிருகிற மெஷின், சீனி வருத்தம், தைரொயிட், உடம்புப் பருமன், கர்ப்பகாலம் என்று காரணங்களை அடுக்கிவிட்டு, "இதில உங்களுக்கு எது?" என்றார். மனைவி என் வயிற்றைப் பார்த்தாள். கர்ப்பம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்துபோனேன்.

இரவில் மணிக்கட்டு மடங்காமல் பட்டை கட்ட வேண்டுமாம். போதாவிட்டால் ஸ்டீரொயிட் ஊசி. அதற்கும் மசியாவிட்டால் மேலே மூடியிருக்கும் இணைப்புநாரை வெட்டிவிடுகிற சின்ன ஒபரேஷன். வெட்டு என்று காதில் விழுந்ததுமே எனக்குப் பாதி குணம்.

பிறகு இரண்டு புறங்கையையும் ஒட்டவைத்து, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிஷம் பிடிக்கச் சொன்னார். எனக்குக் கடைசியில் லேசாகக் குறுகுறுத்தது. பக்கத்தில் சும்மா செய்துபார்த்த மனைவி, பத்து எண்ணுவதற்குள் "ஐயோ" என்று கையை உதறினாள்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"கொழுந்து எடுக்கிற எல்லாருக்கும் இருக்கிறதுதானுங்க ஐயா."

டொக்டர் கதிரையை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். பட்டை, இரத்தப் பரிசோதனை, நரம்புப் பரிசோதனை என்று துண்டு துண்டாக எழுதிக் கொடுத்ததெல்லாம் அவளுக்கு. எழுந்திருக்கும்போதுதான் என் ஞாபகம் வந்தது அவருக்கு. "நீங்க போனைக் குறைங்க" என்றார். கிளினிக்கிலும் எனக்கு விழுந்தது அரைப் பேர்தான்.